நடுங்கும் குறியும் வளைந்த கோடும்

போர்விமானச் சிமுலேட்டரில் புதிதாக உட்காருபவர் பறக்கக் கற்றுக்கொள்ள அதிக நாள் பிடிப்பதில்லை. மேலே கிளம்புவார், திரும்புவார், தட்டுத்தடுமாறி இறங்கியும் விடுவார். எதிரியின் வாலுக்குப் பின்னால் போய்ச் சுட முயலும்போதுதான் கை காட்டிக்கொடுக்கும். குறிக்கண்ணாடியில் ஒளிரும் புள்ளி இலக்குக்கு மேலே ஏறும், தள்ளினால் கீழே இறங்கும், மறுபடி இழுத்தால் இன்னும் மேலே ஏறும். குண்டுகள் இறக்கையின் இரு பக்கமும் சிதறிப் போகும். இதற்கு விளையாடுவோரிடையே இரண்டு மருந்துகள் நிலைபெற்றுவிட்டன. ஒன்று, அமைப்புப் பக்கத்துக்குப் போய் ஜாய்ஸ்டிக்கின் வளைவுக் கோட்டை மென்மையாக்குவது. மற்றது, நேராகப் பறக்கும் விமானங்களை இலக்காக வைத்துத் திரும்பத் திரும்பச் சுடுவது. இரண்டிலும் பலன் உண்டு. ஆனால் முதலாவதை அளவுக்கு மேல் நம்புகிறோம், இரண்டாவதைப் பெரும்பாலும் தவறான விதத்தில் செய்கிறோம் என்பது என் கணிப்பு.

குறி ஏன் ஊசலாடுகிறது? கை அசைவதற்கும் விமானத்தின் மூக்கு நகர்வதற்கும் இடையே ஒரு சிறு தாமதம் இருக்கிறது. மூக்கு இன்னும் வரவில்லையே என்று கை மேலும் இழுக்கிறது. அதற்குள் முதல் இழுப்பின் பலன் வந்து சேர, குறி இலக்கைத் தாண்டிவிடுகிறது. உடனே எதிர்ப்பக்கம் தள்ளுகிறோம், அதுவும் பிந்தித்தான் பலிக்கிறது. இப்படி விமானி தன் திருத்தங்களாலேயே ஊசலாட்டத்தை வளர்த்துவிடுவது உண்மையான விமானங்களிலும் நடப்பதுதான். விமானப் பொறியாளர்கள் அதைத் தனியாகவே ஆராய்கிறார்கள். வீட்டு மேசையில் இது இன்னும் மோசமாகிறது. பிரிட்டிஷ் போர்விமானமான ஸ்பிட்ஃபயரின் கட்டுப்பாட்டுத் தண்டு விமானியின் முழங்கால்களுக்கு நடுவே எழும் நீளமான தண்டு. மேசை ஜாய்ஸ்டிக் அதோடு ஒப்பிட்டால் மிகக் குட்டை. உண்மையான தண்டில் கைக்குக் கிடைக்கும் நீண்ட வீச்சு இங்கே சில சென்டிமீட்டருக்குள் சுருங்கிவிடுகிறது. ஆகவே விரல் கொஞ்சம் பிசகினாலும் மூக்கை ஏற்றி இறக்கும் வால் பரப்பான எலிவேட்டர் நிறைய அசைகிறது.

வளைவுக் கோட்டின் நியாயம் இங்கேதான் பிறக்கிறது. டிசிஎஸ் சிமுலேட்டரிலும் ஐஎல்-2 வரிசையிலும் ஜாய்ஸ்டிக்கின் ஒவ்வோர் அச்சுக்கும் கையசைவு எவ்வளவு, கட்டுப்பாட்டுப் பரப்பின் அசைவு எவ்வளவு என்ற உறவை நாமே மாற்றிக்கொள்ளலாம். நேர்கோடாக இருப்பதை வளைத்தால் நடுப்பகுதி மந்தமாகும், கையின் சிறு பிசகுகள் குறியை அசைக்காது. குட்டைத் தண்டின் குறையை ஈடுசெய்யும் நேர்மையான வழிதான் இது. இதை ஏமாற்று வேலை என்று பழிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் இந்தக் கோடு எதையும் இலவசமாகத் தருவதில்லை. தண்டை முழுவதும் இழுத்தால் எலிவேட்டர் முழுவதும் உயர்ந்தாக வேண்டும் என்பது மாறாத நிபந்தனை. எனவே நடுவில் குறைத்த உணர்திறன் ஓரத்தில் கட்டாயம் கூடும். ஓர் எளிய முப்படி வளைவைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நடுவில் உணர்திறனை 0.7 மடங்காகக் குறைத்தால் ஓரத்தில் அது 1.6 மடங்காக ஏறுகிறது. நேராகப் பறக்கும் குண்டுவீச்சு விமானத்தின் பின்னால் போகும்போது கை நடுவில்தான் இருக்கும், அப்போது இந்த வளைவு இனிமையாக வேலை செய்யும். இறுக்கமான திருப்பத்தில் எதிரியைத் துரத்தும்போதோ தண்டு நடுவை விட்டு வெகுதூரம் பின்னே இழுக்கப்பட்டிருக்கும். இறக்கை தன் தூக்குவிசையின் எல்லையைத் தொட்டு, அதை இழக்கும் ஸ்டாலுக்கு முந்தைய நடுக்கம் தொடங்கும் இடம் அது. அங்கே மயிரிழையில் பிடித்து நிறுத்த வேண்டும். கைக்கு நுட்பம் மிக அதிகமாகத் தேவைப்படும் அந்த இடத்தில்தான் வளைவு அதைப் பறித்துக்கொள்கிறது. சும்மா பறக்கையில் மென்மையாகத் தெரிந்த விமானம் சண்டையில் திடீரென்று சுழன்று விழுவதற்குப் பலர் சிமுலேட்டரையே குறை சொல்கிறார்கள். பெரும்பாலான நேரங்களில் அவர்கள் வரைந்த கோடுதான் காரணம்.

செத்த மண்டலம் எனப்படும் அமைப்பு இதைவிடக் கெடுதல். நடுவில் ஜாய்ஸ்டிக் அசைந்தாலும் ஒன்றும் நடக்காதபடி ஓர் இடைவெளி விடுவது அது. தேய்ந்துபோன கருவியில் குறி தானாக நகர்வதைத் தடுக்கக் கொஞ்சம் தேவைப்படலாம். ஆனால் குறி பார்ப்பதென்பதே நடுவை இப்பக்கமும் அப்பக்கமும் கடக்கும் சிறு அசைவுகளின் தொடர்ச்சி. ஒவ்வொரு கடப்பிலும் வெறுமையும் அதன்பின் ஒரு துள்ளலும் வந்தால் எந்தக் கையும் பழகாது.

அமைப்புப் பக்கத்துக்குப் போவதற்கு முன்பே பார்க்க வேண்டியவை இரண்டு இருக்கின்றன, டிரிம்மும் ரட்டரும். சண்டை வேகத்தில் விமானம் கையை விட்டாலும் ஏறாமல் இறங்காமல் நிற்கும்படி டிரிம் செய்யாதவர், மூக்கைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே குறி பார்க்கிறார். களைத்த விரல் நடுங்கும். அதோடு அவர் பாடுபட்டு மென்மையாக்கிய நடுப்பகுதியும் கை இருக்கும் இடத்தில் இல்லை.

வால் சுக்கானான ரட்டரைப் புறக்கணிப்பதன் விலை இன்னும் அதிகம். என்ஜினின் முறுக்கமும் புரொபெல்லர் பின்னால் தள்ளும் காற்றும் மூக்கை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். வேகமும் விசையும் மாறும்தோறும் அந்த இழுப்பு மாறும். ஜெர்மன் போர்விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109-இல் விமானி பறக்கும்போது சரிசெய்துகொள்ள ரட்டர் டிரிம் கிடையாது, காலால்தான் சமாளிக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் விமானம் மூக்கு ஒரு பக்கமும் பயணம் ஒரு பக்கமுமாகச் சறுக்கிக்கொண்டு போகும். மணிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் வெறும் 2 பாகை சறுக்கல் இருந்தால், 250 மீட்டர் தொலைவில் தோட்டா பக்கவாட்டில் ஏறத்தாழ ஒரு மீட்டர் விலகிவிடும். போர்விமானத்தின் உடல் அகலமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். குறிப்புள்ளி அசையாமல் இலக்கின் மீது நின்றும் ஒரு தோட்டாகூடப் படாத மர்மம் பல நேரங்களில் இதுதான். சறுக்கல்மானியின் உருண்டை நடுவில் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்ப்பது எந்த வளைவைவிடவும் பயன் தரும். விலை குறைந்த ஜாய்ஸ்டிக்குகளில் தண்டைத் திருகித்தான் ரட்டரை இயக்க வேண்டும். திருகும்போது கை தெரியாமலே சாய்த்தும் விடுகிறது. காசு சேர்த்து ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால், விலையுயர்ந்த தண்டுக்கு முன்னால் கால் மிதிகளை வாங்கச் சொல்வேன்.

இனிப் பயிற்சியின் பக்கம். 1940-இல் பிரிட்டனைக் காக்கப் போன இளம் விமானிகள் பலருக்குப் பறக்கும் இலக்கை நோக்கிச் சுட்டுப் பழகும் வாய்ப்பு மிகக் குறைவாகவே கிடைத்தது. நமக்கு ஒரு பொத்தானை அழுத்தினால் அதே சூழல், அதே உயரம், அதே இலக்கு மறுபடி வரும். சிமுலேட்டரின் மிகப் பெரிய கொடை இதுதான். அதைத் தீராத தோட்டாக்களோடு செய்வதால்தான் வீணாக்குகிறோம். ஸ்பிட்ஃபயர் மார்க் 1-இன் எட்டு பிரௌனிங் துப்பாக்கிகளிலும் தலா 300 தோட்டாக்கள் இருந்தன. விடாமல் அழுத்தினால் சுமார் 15 நொடியில் தீர்ந்துவிடும். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து பிரிட்டனுக்காகப் பறந்த சேலர் மாலன் தன் புகழ்பெற்ற பத்து விதிகளில், குறி உறுதியாகப் பொருந்தியபின் ஓரிரு நொடி மட்டும் சுடச் சொன்னார். துப்பாக்கிகளின் பாதைகள் கூடும் தொலைவை 400 கஜத்திலிருந்து 250 கஜத்துக்குக் குறைத்துக்கொள்ளும் பழக்கமும் அந்தக் காலத்து விமானிகளிடமே பரவியது. தோட்டா தீராது என்று தெரிந்தவர் ஒளிரும் தோட்டாக்களைக் குழாய்த் தண்ணீர் போலப் பாய்ச்சி, அந்தத் தாரையை இலக்கின் மீது இழுத்துச் செல்லப் பழகுகிறார். உண்மையான தோட்டாக் கணக்கோடு பறக்கும் அன்று அந்தப் பழக்கம் அவரைக் கைவிட்டுவிடும்.

நேராகப் பறக்கும் இலக்கில் இன்னொரு குறையும் உண்டு. முன்கணித்துச் சுடுவதை அது கற்றுத்தருவதில்லை. பிரௌனிங்கின் .303 தோட்டா நொடிக்கு ஏறத்தாழ 740 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. 300 மீட்டர் தொலைவில், மணிக்கு 360 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே போகும் விமானம், தோட்டா போய்ச் சேருவதற்குள் 40 மீட்டர் நகர்ந்துவிடும். அதாவது தன் நீளத்தைப்போல் நான்கு மடங்குக்கு மேல். இவ்வளவு தள்ளி வெற்று வானத்தைக் குறிவைக்க வேண்டிய இடத்தில், புள்ளியை இலக்கின் மீது ஒட்டவைக்கும் கைத்திறன் மட்டும் போதாது. எதிரி திரும்பும் அதே தளத்தில் நம் திருப்பமும் இருக்க வேண்டும். அப்படி அமைந்துவிட்டால் பிழை ஒரே திசையில்தான் வரும். மூக்கைக் கொஞ்சம் இறுக்கினாலோ தளர்த்தினாலோ போதும், பக்கவாட்டில் தேட வேண்டியதில்லை. மென்மையின் பெரும்பகுதி விரலில் இருப்பதில்லை, விசையை அழுத்துவதற்குப் பல நொடிகள் முன்பே விமானத்தை எங்கே கொண்டுவந்து நிறுத்தினோம் என்பதில் இருக்கிறது. தேர்ந்தவர்களின் பறப்பைப் பின்னாலிருந்து பார்ப்பவருக்குக் கை நிதானம் மட்டும் தெரியும். கடைசி நேரத் திருத்தமே தேவைப்படாதபடி அவர்கள் அணுகியது தெரியாது.

வட ஆப்பிரிக்காவில் பறந்த ஜெர்மானியர் ஹான்ஸ்-யோவாகிம் மார்சேய் குறுக்குக் கோணத்தில் சுடுவதில் நிகரற்றவராகப் பேசப்படுபவர். பணி முடிந்து திரும்பும் வழியில் தன் கூட்டாளிகளின் விமானங்களையே இலக்காகப் பாவித்துப் பாய்ந்து பாய்ந்து பழகினார் என்று அவர் வரலாறு சொல்கிறது. அதில் ஒரு தோட்டாவும் செலவாகவில்லை. கிழக்குப் போர்முனையில் பறந்த எரிக் ஹார்ட்மன் போன வழி வேறு. கண்ணாடி முழுவதையும் எதிரி அடைத்துக்கொள்ளும் அளவுக்கு நெருங்கிய பின்பே சுட்டு, முன்கணிப்பின் தேவையையே அவர் குறைத்துக்கொண்டார். புதியவருக்கு ஹார்ட்மன் வழிதான் உகந்தது என்று நினைக்கிறேன். ஆனால் அந்த நெருக்கத்துக்குப் போய்ச் சேரவே, மார்சேய் பழகியதுபோல் சுடாமல் பாயும் பயிற்சி வேண்டும்.

எந்தப் பயிற்சியாலும் நிரப்ப முடியாத ஒரு பள்ளமும் இருக்கிறது. உண்மை விமானத்தில் திருப்பம் இறுக இறுகத் தண்டு கனக்கும், உடலும் இருக்கையில் அழுந்தும். விமானியின் கை விசையைக் கொண்டு அளந்தது. சுருள்வில் வைத்த ஜாய்ஸ்டிக்குக்கு வேகம் தெரியாது. மணிக்கு 250 கிலோமீட்டரிலும் 600 கிலோமீட்டரிலும் அது ஒரே மாதிரிதான் எதிர்க்கும். விசை திருப்பும் தண்டுகள் இந்தக் குறையைக் கணிசமாகக் குறைக்கின்றன, ஆனால் அவற்றின் விலை பலருக்கு எட்டாது. அவை இல்லாதவர் கண்ணையும் காதையும்தான் நம்ப வேண்டும். திரையில் விளிம்பு இருள்வது, காற்றின் இரைச்சல், ஸ்டாலுக்கு முந்தைய அதிர்வொலி ஆகிய மூன்றும் கைக்குக் கிடைக்காத செய்தியைத் தருகின்றன. வார் தண்டர் விளையாட்டில் மவுஸைக் காட்டிய பக்கம் மென்பொருளே விமானத்தைத் திருப்பும் முறை இந்தச் சிக்கலையெல்லாம் தாண்டிச் செல்கிறது. பொழுதுபோக்குக்கு அது நல்ல வழி. ஆனால் டிரிம்மையும் ரட்டரையும் அதுவே பார்த்துக்கொள்வதால், அதில் எவ்வளவு காலம் பறந்தாலும் இங்கே பேசிய திறன் கைக்கு வராது.

புதியவர்களுக்கு என் வேண்டுகோள் இது. கோட்டை நேராகவே விட்டுவிட்டு, டிரிம் செய்யவும் உருண்டையை நடுவில் நிறுத்தவும் கை கால் பழகும்வரை இன்னொரு விமானத்தோடு அணிவகுத்துப் பறந்து பாருங்கள். தோட்டாவை உண்மைக் கணக்கில் வையுங்கள். திரும்பும் இலக்கின் மீது சுடாமல் பாய்ந்து பழகுங்கள். அதற்குப் பிறகும் குறி நடுங்கினால், வளைவைச் சிறிது மட்டும் கூட்டி, உடனே ஸ்டாலின் விளிம்பில் ஒரு திருப்பம் போட்டுச் சோதியுங்கள். அங்கே விமானம் கைக்கு அடங்கவில்லையென்றால், கூட்டியதைக் குறைத்துவிடுங்கள்.