பாறையின் வயதும் பொன்னின் வயதும்

எரிமலைப் பாறையின் வயதைக் கணித்து, அதனை அடுத்துக் கிடக்கும் பொன்னின் வயதையும் சொல்லிவிடலாம் எனப் பொதுநிலை அறிவியற் கட்டுரைகள் சில கூறிச் செல்கின்றன. ஓலையின் பழைமையே நூலின் பழைமை என்று தமிழாசிரியர் எவரேனும் ஒப்புவரோ? இக்கூற்றும் அத்தகையதே.

தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்சிராண்டு இதற்குத் தக்க சான்று. 1886-இல் அங்குப் பொன் கண்டறியப்பட்டது. அது பெரிதும் இருப்பது எரிமலைப் பாறையில் அன்று. ஆற்றுநீர் உருட்டிச் சேர்த்த கூழாங்கற்கள் இறுகிய அடுக்குகளில். அவற்றின் கீழே கிரௌன் எரிமலைப் பாறை. மேலே வென்டர்ஸ்டார்ப் எரிமலைப் பாறை. குழம்பு உறையும்போது தோன்றும் சிர்க்கான் மணிகளில் யுரேனியம் சிறிது சிறிதாக ஈயமாக மாறுகிறது. இரண்டின் அளவையும் ஒப்பிட்டுக் கீழ்ப்பாறைக்கு ஏறத்தாழ 291 கோடி ஆண்டும், மேற்பாறைக்கு ஏறத்தாழ 270 கோடி ஆண்டும் கணித்தனர்.

இவை கூழாங்கல் அடுக்கிற்கு மேலெல்லையும் கீழெல்லையும் ஆகும், பொன்னிற்கு ஆகா. ஆறு கொணர்ந்தது எனின், பொன் அடுக்கினும் மூத்தது. உரையில் எடுத்தாளப்பட்ட பாட்டு அவ்வுரையினும் முந்தியது ஆதல் போல. பின்னாளில் நிலத்தடி வெந்நீர் கொண்டுவந்து படியவைத்தது எனின், இளையது; இடைச்செருகல் போல. எரிமலைப் பாறையின் வயது மட்டும் இவ்விரண்டனுள் ஒன்றையும் மறுக்க வல்லதன்று.

2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வு பொன்மணிகளையே எடுத்துக்கொண்டது. வால் ரீஃப் என்னும் அடுக்கின் பொன்னிலுள்ள ரேனியத்தையும் ஆஸ்மியத்தையும் அளந்து, அதன் வயது ஏறத்தாழ 303 கோடி ஆண்டு என்றது. அஃதாவது, பொன் அடுக்கினும் மூத்தது மட்டுமன்று. அடுக்கின் கீழுள்ள எரிமலைப் பாறையினும் ஏறத்தாழ 12 கோடி ஆண்டு மூத்தது. பாறைகளின் வயதையே பொன்னின் எல்லையாகக் கொண்டவர் பிழைபட்டிருப்பர்.

இதனால் ஆற்றுக் கொள்கை வலுப்பெற்றது, வழக்கு முற்றுப்பெறவில்லை. அடுக்குகளில் வெந்நீர் பாய்ந்த தடங்களும் உள. ஆற்றில் வந்த பொன்னில் ஒரு பகுதி பின்னர்க் கரைந்து மீண்டும் படிந்தது என்று இரண்டையும் இணைத்துக் கொள்வாரும் உளர். இஃது ஏட்டளவில் நிற்கும் வாதமும் அன்று. முன்னது மெய்யாயின் பண்டை ஆற்றின் போக்கிலும், பின்னது மெய்யாயின் நிலத்தின் வெடிப்புகளிலும் பொன் தேட வேண்டும்.

ஆகவே, எதை அளந்தனர், எதனை அதிலிருந்து ஊகித்தனர் என்று பிரித்துரைப்பதே அறிவியல் எழுதுவோர் கடன். அளவு துல்லியமாயிருத்தல் ஒன்று. அளந்தது உரிய பொருளையா என்பது வேறொன்று. மாணாக்கர்க்கு முதற்கண் உணர்த்தத் தக்கது பின்னதே.