ஆவூர்க் கோட்டையும் தோட்டத்துக் கம்பிவேலியும்

மலாயாவின் அவசரகாலத்தைப் பற்றிக் கதை எழுதப் புகுவோர்க்குத் துப்பாக்கி ஏந்தியவனே முதலில் கண்ணில் படுகிறான். இது இயல்புதான். 1949 மே 3 அன்று நெகிரி செம்பிலானில் சுட்டுக் கொல்லப்பட்ட தொழிற்சங்கத் தலைவர் வீரசேனனும், மறுநாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்ட கணபதியும் காவியத்திற்கு உரியவர்களே. ஆயினும், 1948 ஜூன் முதல் 1960 ஜூலை வரை நீண்ட அக்காலம் தோட்டத் தமிழர் வாழ்வில் நுழைந்த வழி காடன்று. தோட்டத்துக் கம்பிவேலியின் வாயிற்கதவே.

சிரம்பான், பகாவ், ரொம்பின் வட்டாரப் பால்மரத் தோட்டங்களை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் வெட்டினால்தான் பால் நன்கு இறங்கும். வெயில் ஏற ஏற ஒழுக்குக் குறையும். ஊரடங்கு நீங்கிக் கதவு திறக்கும்வரை தொழிலாளி வேலிக்குள்ளேயே நிற்க வேண்டும். திறந்த பின்னும் சோதனை. 1951 முதல் இறுகிய உணவுக் கட்டுப்பாட்டினால், காட்டிலிருப்போர்க்குப் போய்விடும் என்று, ஒரு பிடிச் சோற்றையும் வெளியே கொண்டுபோக விடவில்லை. சைக்கிள் குழாய்க்குள் அரிசி இருக்கிறதா என்றுகூடப் பார்த்தார்கள். பெண்களைச் சோதிக்கப் பெண்களே நியமிக்கப்பட்டனர். பிந்திய நேரமெல்லாம் பால் நிறுக்கும்போது தெரிந்துவிடும். வயிறோ அதற்கு முன்பே சொல்லிவிடும்.

பின்னாளில் சில இடங்களில் அரிசியைப் பொது அடுக்களையில் சமைத்தே கொடுத்தார்கள். சோறு புளித்துவிடும், பதுக்க இயலாது என்பது கணக்கு. (பழஞ்சோற்றை அமுதமாக உண்ணும் நம்மவரை அந்தக் கணக்கர் அறிந்திருக்கவில்லை போலும்.) பன்னிரண்டு வயதைக் கடந்த ஒவ்வொருவரும் படமும் கைந்நாட்டும் கொண்ட அடையாளக் கார்டு வைத்திருக்க வேண்டும். சாலைத் தடுப்பில் அது இல்லையேல் குற்றம். காட்டுக்காரர் கண்டாலோ அதைப் பறித்துக் கிழித்தனர்.

இத்தகைய நிலையைப் பாட நம்மிடம் மரபு இல்லையா? உண்டு. நலங்கிள்ளி ஆவூரை முற்றியபோது உள்ளே அடைத்திருந்த நெடுங்கிள்ளியைக் கோவூர் கிழார் பாடிய புறம் 44 அதுதான். புலவர் படைகளை எண்ணிக்கொண்டிருக்கவில்லை. பாலின்றி அழும் குழந்தையையும், பூவில்லாத வெறுங்கூந்தலையும், நீரில்லாத வீட்டையும் காட்டுகிறார். அதன் பிறகே மன்னனை இடித்துரைக்கிறார். அறம் எண்ணினால் கதவைத் திறந்து ஊரைக் கொடு, மறம் எண்ணினால் திறந்து போரிடு என்கிறார். தோட்டத்து மனிதனுக்கு இவ்விரண்டும் இல்லை. கதவு அவனுடையதன்று. உழிஞையும் நொச்சியும் வகுத்த இலக்கணம், காவலும் முற்றுகையும் ஒரே வேலியாய் நின்ற இவ்விடத்துக்குப் போதாது. எழுத்தாளன் புதிதாய்க் கண்டு சொல்ல வேண்டிய இடம் இதுவே.

ஹான் சுயின் 1956இல் வெளியிட்ட ஆங்கில நாவல் இந்த வேலியைப் பார்த்தது. ஜொகூரில் மருத்துவராயிருந்தவர் அவர். ஆனால் அவர் கண் பெரிதும் சீனர் மீதே. தமிழில் அ. ரெங்கசாமியின் ‘லங்காட் நதிக்கரை’ இரு தரப்புக்கும் இடையே நசுங்கிய மக்களைப் பேசியது; அதன் களம் சிலாங்கூர். நெகிரி செம்பிலான் தோட்டத்து வாயிலில், கவிழ்த்துக் காட்டிய வெறுந்தூக்கோடு ஒரு பெண் நிற்கும் கதை எனக்கு இன்னும் கிட்டவில்லை. கிட்டினால், புறம் 44ஐப் பாடம் சொல்லும் நாளில் அதையும் வகுப்பில் படித்துக் காட்டுவேன்.