சக்தி-எம்எஸ்: எல்லைக் கல் நடும் சிப்

சென்னை ஐஐடியின் 'சக்தி' ப்ராசஸர் பற்றிப் பேச்சு வந்தாலே, "நம்ம ஊர் சிப், அதனால் பாதுகாப்பானது" என்று முடித்துவிடுகிறோம். அந்த 'அதனால்'தான் எனக்கு உறுத்தல். பேராசிரியர்கள் காமகோடி, செஸ்டர் ரெபெய்ரோ உள்ளிட்ட குழு 2019ல் வெளியிட்ட 'சக்தி-எம்எஸ்' ஆய்வுக் கட்டுரையைப் படித்தால், சிக்கல் வேறு இடத்தில் இருப்பது புரியும்.

சிக்கல் சி மொழியில் இருக்கிறது. பாய்ண்டர் என்கிற மெமரி முகவரியை புரோகிராமர் கையில் கொடுத்துவிட்டு சி ஒதுங்கிக்கொள்ளும். வாலாஜாபாத் பக்கம் மனை வாங்கினவங்களுக்கு இதை லேசா சொல்லிடலாம். எல்லைக் கல் இல்லைன்னா பக்கத்து மனைக்குள்ளும் போயிடலாம். இது ஒரு வகைத் தவறு. வித்த மனைக்குள்ள பழைய பத்திரத்தை வச்சுக்கிட்டு நுழையறது இன்னொரு வகை. 1988ல் பரவிய மாரிஸ் புழுவும், 2014ல் வெளிவந்த ஹார்ட்பிளீட் ஓட்டையும் முதல் வகையைச் சேர்ந்தவை.

சக்தி-எம்எஸ் இரண்டையும் பிடிக்கப் பார்க்கிறது. பாய்ண்டரோடு அதன் எல்லையும், இன்னும் செல்லுபடியாகிறதா என்று காட்டும் அடையாளமும் சேர்ந்தே போகும். சரிபார்ப்பது சிப்பின் வேலை. இதையே மென்பொருளில் மட்டும் செய்தால் வேகம் அடிவாங்கும். 2009ல் வந்த சாஃப்ட்பவுண்ட் ஆய்வில், எல்லையை மட்டும் முழுசா சரிபார்க்கவே சராசரியாக 67 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. அதனால் வேலையை வன்பொருளுக்குத் தள்ளியது சரியான முடிவுதான். சின்னக் கருவிகளிலிருந்து சி இப்போதைக்குப் போகப் போவதில்லை.

ஆனால் எல்லை எங்கே என்று சிப்புக்குத் தானாகத் தெரியாது. கம்பைலர்தான் சொல்லணும். அப்படியென்றால் பழைய புரோகிராமையெல்லாம் புதிய கம்பைலரில் மறுபடி கம்பைல் செய்யணும். மூல நிரல் தராமல் விற்கப்படும் லைப்ரரிகளை என்ன செய்வது? அவை எல்லைக் கல் இல்லாமலேயே உள்ளே வரும். இந்த வகை ஆய்வுகள் எல்லாவற்றுக்கும் இதுதான் பலவீனம். நடைமுறைக்குப் போகும்போது முதலில் இடிப்பதும் இதுதான்.

இன்னொன்று. 2018ல் வந்த முதல் சக்தி சிப்களில் ஒன்று அமெரிக்காவின் ஓரிகனில், இன்டெல் ஆலையில் தயாரானது, இன்னொன்று சண்டிகரில். ஓட்டையுள்ள ஒரு சி புரோகிராமை இரண்டிலும் ஓட்டினால் ஓட்டை அப்படியேதான் இருக்கும். யாராவது சிப்புக்குள் ரகசியக் கதவு வைத்திருப்பார்களோ என்ற பயத்துக்குத்தான் 'எங்கே செய்தது' என்பது ஓரளவு பதில். அதற்கும் சக்தியின் வடிவமைப்பு ஓப்பன் சோர்ஸாக இருப்பதே பெரிய பலம். யாரும் எடுத்துப் பார்க்கலாம்.

ஆகவே சக்தியைப் பாராட்டுபவர்கள் ஊர்ப் பெயரோடு நிறுத்தாமல், எந்தத் தாக்குதலை அது தடுக்கிறது, அதற்கு எந்தக் கம்பைலர் வேணும் என்றும் கேட்கணும். அந்தக் குழுவின் உழைப்புக்கு அதுதான் நியாயம்.