பண்ணைப்புரத்தின் ஆறு தந்திகள்

இளையராஜா என்றதும் வெள்ளை வேட்டியும் ஆர்மோனியமும்தான் கண்ணில் வந்து நிற்கின்றன. மேடைகளும் தொலைக்காட்சிகளும் பதிய வைத்த படம் அது. 1970களின் தொடக்கத்தில் சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் அவரைப் பார்த்தவர்களுக்கோ அவர் ஒரு கிட்டார்க்காரர். சலில் சௌத்ரியின் இசைக்குழுவில் கிட்டார் வாசித்தார். ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். நோட்ஸை வைத்தால் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பார். 1976இல் 'அன்னக்கிளி' வந்ததும் அந்தக் கிட்டார்க்காரர் இசையமைப்பாளருக்குப் பின்னால் மறைந்துபோனார். எனக்கு அவரை அந்தப் பக்கத்திலிருந்து கேட்கத்தான் பிடிக்கிறது. அப்படிக் கேட்கும்போது கம்பம் பள்ளத்தாக்குக்கும் ப்ளூஸ் என்கிற அமெரிக்கக் கறுப்பர் இசைக்கும் நடுவில் ஒரு பாதை திறக்கிறது.

ப்ளூஸ் பருத்திக் காட்டில் பிறந்தது. மிசிசிப்பிக் கரையில் கூலி வேலை செய்த கறுப்பின மக்கள், ஒருவர் பாட மற்றவர்கள் பதில் பாட, வலியையும் கேலியையும் ஒரே மூச்சில் சொன்ன பாட்டு. 1943இல் மட்டி வாட்டர்ஸ் என்ற பண்ணைத் தொழிலாளி பருத்திக் காட்டை விட்டு சிகாகோவுக்குப் போனார். நகரத்து மதுக்கூடங்களின் இரைச்சலில் மரக் கிட்டாரின் சத்தம் எடுபடவில்லை. எலெக்ட்ரிக் கிட்டாருக்கு மாறினார். அந்த ஒலியைக் கேட்டு வளர்ந்த பிரிட்டிஷ் இளைஞர்களும், பிறகு அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸும் சேர்ந்து 1960களில் அதை ப்ளூஸ் ராக் ஆக்கினார்கள். வயல் பாட்டு ஊரை விட்டுக் கிளம்பி, நகரத்தில் புதுக் கருவியைக் கையில் எடுத்தபோது பிறந்தது அந்த இசை.

மட்டி வாட்டர்ஸ் சிகாகோவுக்கு ரயிலேறிய அதே 1943இல்தான் பண்ணைப்புரத்தில், பின்னாளில் இளையராஜாவான ராசையா பிறந்தார். தேவாரத்துக்கும் கோம்பைக்கும் நடுவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் இருக்கிற ஊர். மலைக்கு அந்தப் பக்கம் ஏலமும் தேயிலையும். இன்றும் விடிவதற்கு முன்பே பெண்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று ஜீப்புகள் மலையேறுகின்றன. பள்ளத்தாக்கின் உள்ளே நெல். முல்லைப் பெரியாற்றில் 1895இல் பென்னிகுக் கட்டிய அணை கம்பம் பள்ளத்தாக்கை இருபோக நஞ்சையாக்கியது. இருபோகம் என்றால் நடவும் வருஷத்துக்கு இரண்டு முறை. குனிந்த முதுகோடு ஒருத்தி எடுத்துக்கொடுக்க, வரிசை முழுவதும் திருப்பிப் பாடுகிற நடவுப் பாட்டும் அப்படித்தான். வண்டித் தடங்களில் தெம்மாங்கு. சாவு வீட்டில் ஒப்பாரி.

ஒப்பாரியை ஒருமுறை இசையாக மட்டும் கேட்டுப் பாருங்கள். அழுகிறவளின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது. தாழ்ந்த சாதாரண காந்தாரத்துக்கும் உயர்ந்த அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் தளும்பிக்கொண்டே இருக்கும். சோகமா, கோபமா, போனவரிடம் சண்டையா என்று பிரிக்க முடியாதபடி அந்த ஒரு ஸ்வரம் எல்லாவற்றையும் ஏந்தியிருக்கும். ப்ளூஸ்காரர்கள் அந்த இடத்தைத்தான் 'ப்ளூ நோட்' என்கிறார்கள். பியானோவில் அதற்குக் கட்டை கிடையாது. ஆர்மோனியத்திலும் கிடையாது. கிட்டாரில் உண்டு. மூன்றாம் விரலால் தந்தியை அழுத்தி, பின்னால் இரண்டாம் விரலைத் துணைக்கு வைத்து மேலே தள்ளினால், ஸ்வரம் ஃப்ரெட்டை விட்டு நழுவி அந்த இடைவெளிக்குள் ஏறும். எவ்வளவு தள்ளுவது என்பதை விரல் தீர்மானிப்பதில்லை, காது தீர்மானிக்கிறது.

அந்தக் காது ராசையாவுக்கு ஊரிலேயே வந்துவிட்டது. அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளின் பாடகர். சினிமா மெட்டுகளில் தன் சொற்களை ஏற்றிப் பாடிக் கூட்டத்தைக் கட்டிப்போடுகிறவர். 1958இல் கேரளத்தின் தேவிகுளம் இடைத்தேர்தலில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களிடையே அவர் பாடினார். கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வென்றார். சிறுவர்களாக அண்ணன் குழுவில் சேர்ந்த ராசையா, அவருடைய சகோதரர்கள் பாஸ்கர், கங்கை அமரன் எல்லாருக்கும் அந்த மலையடிவாரக் கூட்டங்கள்தான் முதல் சபா. மைக் கிடைக்கும், கிடைக்காது. எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள் பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்தவர்கள். பாட்டு அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள். ப்ளூஸ் கலைஞர்களை வளர்த்த பள்ளிக்கூடமும் இப்படித்தான் இருந்தது. வரதராஜன் 1973இல் காலமானார். தம்பியின் முதல் படத்தை அவர் பார்க்கவில்லை.

1968இல் சென்னைக்குப் புறப்பட்ட பிள்ளைகளுக்காகத் தாய் சின்னத்தாய் வீட்டு ரேடியோவை 400 ரூபாய்க்கு விற்றுப் பணம் கொடுத்ததை ராஜா எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறார். ஊரும் அதைச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. சென்னையில் நடந்த மாற்றத்தைப் பற்றித்தான் அவ்வளவாகப் பேசுவதில்லை. மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் சேர்ந்து மேற்கத்திய இசையும் நோட்டேஷனும் கற்றபோது கிட்டார் அவர் கைக்கு வந்தது. லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கும் அளவுக்குப் பழகினார்.

கிளாசிக்கல் கிட்டார் என்பது ஒரு தனி மனப்பழக்கம். கட்டைவிரல் கீழ்த்தந்திகளில் ஒரு நடையைப் பிடித்திருக்கும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மோதிர விரலும் மேல்தந்திகளில் வேறொரு மெட்டைச் சொல்லிக்கொண்டிருக்கும். ஒரே ஆள், ஒரே கருவி, ஆனால் இரண்டு மூன்று குரல்கள் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு நடக்கின்றன. ஜெர்மானிய இசையமைப்பாளர் பாஹ் எழுதியவற்றை ஆறு தந்திகளில் வாசித்துப் பழகியவருக்கு, பாட்டு என்றால் ஒரு மெட்டும் அதற்கொரு தாளமும் என்று இனித் தோன்றாது. 1986இல் 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பைத் தியாகராஜருக்கும் பாஹுக்கும் ராஜா காணிக்கையாக்கியதன் வேர் இங்கே இருக்கிறது. அவருடைய பாட்டுகளில் பேஸ் கிட்டார் சும்மா தாளத்துக்கு ஒத்து ஊதாமல் தனக்கென்று ஒரு மெட்டோடு அலைவதற்கும் அந்தக் கட்டைவிரல்தான் காரணம் என்பது என் எண்ணம்.

ப்ளூஸ் கிட்டார் கற்பவர் முதலில் பழகும் ஐந்து ஸ்வரங்கள் நமக்குத் தெரிந்தவைதான்: ஸ, சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். அதாவது சுத்த தன்யாசி. 1980இல் வந்த 'கல்லுக்குள் ஈரம்' படத்தின் 'சிறு பொன்மணி' அந்த ராகம். அல்லிநகரத்து பாரதிராஜா நாயகனாக நடித்த படம், பண்ணைப்புரத்துக்காரர் இசையமைத்து ஜானகியோடு தானும் பாடியது. கேட்கிறவருக்கு அது நூற்றுக்கு நூறு வைகைப் பக்கத்து ஊர்ப் பாட்டு. அதே ஐந்து ஸ்வரங்களை சிகாகோவில் ஒருவர் எலெக்ட்ரிக் கிட்டாரில் எடுத்தால் அது ப்ளூஸ். நடுவில் பிரதி மத்யமத்தை ஒரு தொடு தொட்டுவிட்டு வருவார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதைவிட என்னை வியக்க வைப்பது 1982இல் ஸ்ரீதர் இயக்கிய 'நினைவெல்லாம் நித்யா'வின் 'பனிவிழும் மலர்வனம்'. ராகம் சலநாட்டை, மேளகர்த்தா எனும் தாய் ராகங்களில் 36ஆவது. ஷட்சுருதி ரிஷபமும் அந்தர காந்தாரமும் அரை ஸ்வர இடைவெளியில் ஒட்டி நிற்கும். மேலே ஷட்சுருதி தைவதமும் காகலி நிஷாதமும் அதேபோல் முட்டிக்கொண்டு நிற்கும். விவாதி மேளம் என்று கச்சேரிக்காரர்கள் தயங்கித் தயங்கித் தொடுகிற ராகம். அதன் ஜன்யமான நாட்டையைக் கச்சேரித் தொடக்கத்தில் கம்பீரமாகப் பாடிவிட்டு, தாய் ராகத்தின் பக்கம் போகாமல் இருந்துவிடுவார்கள்.

இப்போது ஒரு கிட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாம் தந்தியைத் திறந்து விடுங்கள். ஐந்தாம் தந்தியில் ஏழாவது ஃப்ரெட், நான்காவதில் ஆறாவது, மூன்றாவதில் ஏழாவது, இரண்டாவதில் எட்டாவது ஃப்ரெட்டை அழுத்தி, முதல் தந்தியை மட்டும் விட்டு மொத்தமாக அடியுங்கள். 1967இல் 'பர்ப்பிள் ஹேஸ்' பாட்டில் ஹெண்ட்ரிக்ஸ் வாசித்து, இன்றுவரை உலகமெங்கும் அவர் பெயரால் வழங்குகிற கார்டு, அதாவது ஸ்வரங்களின் கூட்டொலி, அது. இனிமையும் கரகரப்பும் ஒன்றாகக் காதில் விழும். என்ன ஸ்வரங்கள் அவை? அடித்தந்தியை ஷட்ஜமாக வைத்துப் பார்த்தால் ஸ, அந்தர காந்தாரம், கைசிகி நிஷாதம், மேலே சாதாரண காந்தாரம். சலநாட்டையின் கணக்கில் கைசிகி நிஷாதத்தின் இடம்தான் ஷட்சுருதி தைவதம். சாதாரண காந்தாரத்தின் இடம்தான் ஷட்சுருதி ரிஷபம். ஹெண்ட்ரிக்ஸின் கார்டு முழுசாகச் சலநாட்டைக்குள் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு காந்தாரங்களையும் ஒரே நேரத்தில் ஒலிக்கவிட்டு ஹெண்ட்ரிக்ஸ் ப்ளூஸின் தளும்பலைக் கார்டாக்கினார். நம் மேளகர்த்தா அந்த இரண்டையும் வேறு பெயர்களில் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தது. சபாக்காரர்கள் தயங்கிய ராகத்தை ஒரு காதல் பாட்டுக்கு எடுத்து, எஸ்.பி. பாலசுப்ரமணியம் குரலில் ஊரெல்லாம் முணுமுணுக்க வைப்பதற்கு, அந்த ஸ்வரங்களின் உரசல் இனிக்கும் என்று முன்பே தெரிந்த விரல்கள் வேண்டும். அவை கிட்டார்க்காரரின் விரல்கள் என்று நான் நம்புகிறேன்.

அதே ஆண்டு வந்தது 'பயணங்கள் முடிவதில்லை'யின் 'இளைய நிலா'. கிட்டாரை இத்தனை மரியாதையோடு நடுவில் உட்கார வைத்த தமிழ்ப் பாட்டுகள் குறைவு. கார்டை ஒரே அடியாக அடிக்காமல் ஒவ்வொரு தந்தியாகப் பிரித்து எடுக்கும் பிளக்கிங்கில் தொடங்குகிறது. குரல் வந்த பிறகும் கிட்டார் ஒதுங்குவதில்லை. பாலசுப்ரமணியம் ஒரு சொல்லை நீட்டி நிறுத்துகிற இடைவெளியில் அது பதில் சொல்கிறது. ஒருத்தி எடுக்க வரிசை திருப்பிப் பாடும் நடவுப் பாட்டின் அமைப்பு இங்கே குரலுக்கும் தந்திக்கும் நடுவில் நடக்கிறது. வாசித்தவர் ஆர். சந்திரசேகர், டிரம்ஸ் கலைஞர் புருஷோத்தமனின் சகோதரர். அடுத்த ஆண்டே கல்யாண்ஜி–ஆனந்த்ஜி இதை 'கலாகார்' இந்திப் படத்துக்குக் கொண்டுபோய்க் கிஷோர் குமாரைப் பாடவைத்தபோது மொழி மாறியது, குரல் மாறியது. கிட்டாரை மட்டும் அவர்களாலும் விட முடியவில்லை.

ப்ளூஸ் ராக்கில் கிட்டார்க்காரரே படைப்பாளி. மேடையில் அந்த நேரத்தில் தோன்றுவதுதான் அவருடைய சோலோ, நாளைக்கு வேறு மாதிரி இருக்கும். ராஜாவின் கூடத்தில் அப்படியில்லை. அவர் கையெழுத்தில் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக நோட்ஸ் வரும். வயலின் என்ன வாசிக்க வேண்டும், பேஸ் எங்கே இறங்க வேண்டும் என்பதெல்லாம் தாளில் இருக்கும். அதனால் வாசிப்பவர் வெறும் கருவி என்று சிலர் எண்ணுகிறார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. தந்தியை நகத்தால் எடுப்பதா சதையால் எடுப்பதா, அடுத்த ஸ்வரத்தை ஒரு இமைப்பு தள்ளிப் போடுவதா, முந்தைய ஸ்வரத்தை எவ்வளவு நேரம் ஒலிக்க விடுவது என்பதை எந்த நோட்டேஷனும் முழுசாகச் சொல்லிவிடாது. 'இளைய நிலா'வில் எழுதியது ராஜா, மூச்சு சந்திரசேகருடையது. கேசட் காலத்தில் உறையின் பின்பக்கம் பாடகர், கவிஞர் பெயர்கள் இருந்தன. சந்திரசேகர், சதானந்தம் போன்ற கிட்டார் கலைஞர்களின் பெயர்களுக்கு அங்கே பெரும்பாலும் இடம் இருந்ததில்லை. அந்தப் பாட்டுகளோடு வளர்ந்தவர்களுக்கு இது பெரிய இழப்பு.

சசிதரனையும் சொல்ல வேண்டும். ராஜாவின் மைத்துனர், அவருடைய எத்தனையோ பாட்டுகளுக்கு பேஸ் கிட்டார் வாசித்தவர். பேஸ் பக்கம் காதைத் திருப்ப விரும்புகிறவர்கள் 1980இல் வந்த 'மூடுபனி'யில் தொடங்கலாம். பாலு மகேந்திராவின் படம், ராஜாவுக்கு நூறாவது. 'என் இனிய பொன் நிலாவே' பாட்டில் திரையில் பிரதாப் போத்தன் கையில் கிட்டார். எல்லாரும் கேட்பது அந்த மரக் கிட்டாரையும் யேசுதாஸையும். அடுத்த முறை இரண்டையும் விட்டுவிட்டு அடியில் போகும் பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு கடைசிவரை போங்கள். சொற்களே இல்லாத இன்னொரு முழுப் பாட்டு அங்கே ஓடிக்கொண்டிருக்கும்.

அடுத்த தலைமுறையில் ராணிப்பேட்டையைச் சேர்ந்த கிட்டார் பிரசன்னா வேறொரு திசையிலிருந்து இதே இடத்துக்கு வந்தார். சென்னை ஐஐடியில் படித்து, பாஸ்டன் பெர்க்லி இசைக் கல்லூரிக்குப் போய், எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக சங்கீதம் வாசிப்பவர். 2006இல் ஹெண்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாக அவர் வெளியிட்ட தொகுப்பின் பெயர் 'எலெக்ட்ரிக் கணேசா லேண்ட்'. ஹெண்ட்ரிக்ஸின் 1968ஆம் ஆண்டுத் தொகுப்பின் பெயரைச் சற்றே மாற்றிப் போட்ட பெயர். கமகமும் தந்தியிழுப்பும் ஒரே விரலின் வேலை என்பதை அவர் கச்சேரி மேடையில் வெளிப்படையாகக் காட்டினார். ராஜா அதைச் சினிமாப் பாட்டுக்குள் ராகத்தின் பெயர்கூடச் சொல்லாமல் செய்துவிட்டுப் போயிருந்தார்.

தேனி, போடி, சின்னமனூர் பக்கத்துக் கோயில் திருவிழா இன்னிசைக் கச்சேரிகளில் கிட்டார் எடுக்கிற இளைஞனுக்கு இன்றைக்கும் முதல் பரீட்சை 'இளைய நிலா'தான். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் திராட்சைத் தோட்டக்காரருக்குக் கார்டு என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் தொடக்கப் பிளக்கிங்கில் ஒரு தந்தி தப்பினால் அவர் முகம் திரும்பிவிடும். அந்தப் பையன் அடுத்த திருவிழாவுக்குள் வீட்டில் உட்கார்ந்து சரிசெய்துகொண்டு வந்தாக வேண்டும்.