29-க்கும் 30-க்கும் நடுவில் ஒரு 'எம்'

அக்கா மகள் நர்ஸ். இங்கிலாந்து போகணும்னு ஐஇஎல்டிஎஸ்ஸுக்குப் படிச்சுக்கிட்டிருக்கா. அங்கே நர்ஸாகப் பதிவு செய்ய லிசனிங்கில் 7 வேண்டும். 40 கேள்விகளில் ஏறக்குறைய 30 சரியாக இருந்தால் 7. போன ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே மாதிரித் தேர்வு எழுதினாள், நான் திருத்தினேன். 29. தப்பாய்ப் போனதில் ஒன்று 'அகாமடேஷன்'. காதில் விழுந்தது சரி, புரிந்ததும் சரி. எழுதும்போது இரண்டு 'எம்'முக்கு ஒன்று போட்டுவிட்டாள். எழுத்துப்பிழை இருந்தால் மார்க் கிடையாது என்பது விதி. "மாமா, இது காதுக்குப் பரீட்சையா, கைக்கா?"ன்னு கேட்டா. சட்டுனு பதில் வரலை.

அதனால நானும் நாலு மாதிரித் தேர்வு எழுதிப் பார்த்தேன். நான்கு பகுதிகள், சுமார் 30 நிமிட ஒலிப்பதிவு, ஒரே ஒரு முறைதான் ஓடும். கேள்விகள் முன்னாலேயே கையில் இருக்கும், விடைகளும் பெரும்பாலும் அதே வரிசையில்தான் வரும். ஆக, செய்ய வேண்டியது என்ன? கேள்வியில் முக்கியமான சொல்லுக்கு அடிக்கோடு போட்டுட்டு, அந்தச் சொல்லோ அதே பொருள் தரும் வேறு சொல்லோ எப்போ வரும்னு கொக்கு மாதிரி காத்திருக்கணும். நான்காம் பகுதி ஒரு விரிவுரை. எனக்குப் பத்துக்கு ஒன்பது. பெருமையா எழுந்து வந்தேன். "எதைப் பத்தி மாமா பேசினாரு?"ன்னு அவ கேட்டதும் முழிச்சேன். உண்மையிலேயே தெரியலை.

இது என் ஒருத்தனோட அனுபவம் மட்டும் இல்லை. ஜான் ஃபீல்ட் என்ற ஆய்வாளர் இந்த விரிவுரைப் பகுதியையே எடுத்துக்கொண்டு, தேர்வர்கள் எப்படி விடை கண்டார்கள் என்று அவர்களிடமே கேட்டு ஆராய்ந்தார். கேள்வித்தாளின் சொற்களைப் பிடித்துக்கொண்டு விடையைத் தேடும் உத்தி அதில் வெளிப்பட்டது. 2009-ல் அதை ஐஇஎல்டிஎஸ்ஸே தன் ஆய்வுத் தொகுப்பில் வெளியிட்டது, அந்த நேர்மையைப் பாராட்டணும். எங்க தொழில் பாஷையில சொன்னா, டெஸ்ட் கேஸை முன்னாடியே காட்டிட்டு புரோகிராம் எழுதச் சொல்ற கதை. பாஸ் ஆகும். வேலை செய்யுமான்னு தெரியாது.

ஒருமுறை மட்டும் ஓட்டுவது இன்னொரு விஷயம். வாழ்க்கையில் ஒருதடவைதானே கேட்கிறோம் என்பார்கள். ஆனால் ஐஇஎல்டிஎஸ்ஸில் பங்குள்ள கேம்பிரிட்ஜ் நடத்தும் பி2 ஃபர்ஸ்ட் தேர்விலும், மிக உயர்ந்த சி2 புரொஃபிஷியன்சியிலும் ஒவ்வொரு பதிவும் இரண்டு முறை ஓடுகிறது. அந்த நியாயம் அங்கே எங்கே போச்சு? தவிர, வாழ்க்கையில் யாரும் ஒருதடவையோட விடுறதில்லை. கிளாஸ்கோ ஆள் ஒருத்தரோட தினமும் கால் பேசுறேன். முதல் ஆறு மாசம் "சாரி, இன்னொரு தடவை" என்பதை வெச்சுத்தான் ஓட்டினேன். வார்டில் இவளும் மருந்தின் அளவைத் திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேட்டுக்கொள்வாள். நோயாளியின் உயிரைக் காப்பது அந்தத் திருப்பிக் கேட்டல்தான். ஒலிப்பதிவிடம் அதைச் செய்ய முடியாது.

'நர்ஸுக்கு எழுத்துப்பிழை வரலாமா?' என்று அத்தான் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனா அதை அளக்கத்தான் ரைட்டிங்னு தனியா ஒரு தாள் இருக்கே, அங்கேயும் ஸ்பெல்லிங் பார்க்கிறாங்களே. ஒரே தப்புக்கு ரெண்டு இடத்துல அடி எதுக்கு? ஒன்றிரண்டு சொல்லில் விடை கேட்டால் லட்சக்கணக்கான தாள்களை ஒரே மாதிரி திருத்தலாம், அது புரியுது. அந்த வசதிக்கான விலையை இவளிடம் வாங்குவதுதான் உறுத்துகிறது.

காகிதத்தில் எழுதினால் கடைசியில் விடைகளைப் படியெடுக்க 10 நிமிடம் உண்டு. கணினியில் சரிபார்க்க 2 நிமிடம்தான். இவள் கணினித் தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டாள், அடுத்த மாதம் எழுதுகிறாள். இப்போதைக்கு ஹெட்ஃபோனைக் கழட்டி வெச்சுட்டு ஸ்பெல்லிங் நோட்டு போட்டு எழுதிக்கிட்டிருக்கா.