மூன்று நிலையங்கள், ஒரு பவுண்டு

1955 வாக்கில் பிரிட்டனில் வானொலிப் பெட்டி வைத்திருந்தவர்கள் ஆண்டுக்கு ஒரு பவுண்டு உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும். அதற்கு மூன்று நிலையங்கள் கிடைத்தன: ஹோம் சர்வீஸ், லைட் புரோகிராம், தேர்டு புரோகிராம். மூன்றும் பிபிசியுடையவை. விளம்பரம் கிடையாது. பாட்டுப் பிரியர்கள் இரவில் லக்சம்பர்க் நிலையத்தைத் தேடிப் பிடித்தார்கள். பகல் முழுக்க பிபிசியின் ராஜ்ஜியம்தான்.

இந்த மூன்று நிலைய ஏற்பாட்டுக்குப் பின்னால் இருந்தவர் வில்லியம் ஹேலி. 1944 முதல் 1952 வரை பிபிசியின் தலைமை இயக்குநர். நாட்டின் ரசனையை அவர் பிரமிடாகப் பார்த்தார். அகன்ற அடித்தளம் லைட், நடுப்பகுதி ஹோம், உச்சி தேர்டு. இன்று நடனப்பாட்டுக் கேட்பவர் நாளடைவில் சிம்பொனிக்கு ஏறிவருவார் என்பது அவர் நம்பிக்கை.

லைட் நிலையத்தில் காலை ஒன்பது மணி தாண்டியதும் ‘ஹவுஸ்வைவ்ஸ் சாய்ஸ்’. இல்லத்தரசிகள் அஞ்சலட்டையில் எழுதிக் கேட்ட பாடல்கள். இலங்கை வானொலியின் நேயர் விருப்பத்தில் வளர்ந்த நமக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

அடுத்து வந்த ‘மியூசிக் வைல் யூ வொர்க்’ வேறு ரகம். 1940 ஜூனில், போர்க்காலத் தொழிற்சாலைகளில் உற்பத்தி தளராமலிருக்கத் தொடங்கிய அரைமணி நேர இசை அது. பட்டறையின் ஒலிபெருக்கியில் கேட்பதற்காகவே வாசிக்கப்பட்டதால் வாத்தியக் குழுக்களுக்கு ஏகப்பட்ட கட்டுப்பாடு. தாளம் சீராக ஓட வேண்டும். தூக்கம் வரவழைக்கும் மெட்டு கூடாது. இயந்திர இரைச்சலில் அமுங்கிவிடும் என்பதால் மெல்லிய வாசிப்பும் கூடாது. ‘டீப் இன் தி ஹார்ட் ஆஃப் டெக்சஸ்’ என்ற பாடலுக்கு அங்கே தடையே விழுந்தது. அதில் கைதட்ட வேண்டிய இடங்கள் உண்டு. தொழிலாளிகள் செய்யும் வேலையை விட்டுவிட்டுத் தட்டுவார்கள், அல்லது கையிலிருக்கும் கருவியாலேயே எதையாவது தட்டிவைப்பார்கள் என்று அதிகாரிகளுக்குப் பயம். இசையை இவ்வளவு அப்பட்டமாக உற்பத்திக் கணக்கில் சேர்த்த நிகழ்ச்சி போர் முடிந்தும் நிற்கவில்லை. 1967 வரை ஓடியது.

பிற்பகல் 1.45-க்குப் பள்ளி செல்லாத வயதுக் குழந்தைகளுக்குப் பதினைந்து நிமிடம், ‘லிஸன் வித் மதர்’. அது முடிந்ததும் அம்மாவுக்கு ‘வுமன்ஸ் அவர்’. 1946 அக்டோபரில் இது தொடங்கியபோது வழங்கியவர் ஆலன் ஐவிமி என்ற ஆண்! அந்தக் கூத்து அதிக நாள் நீடிக்கவில்லை. சமையல், தையலோடு மாதவிடாய் நிற்கும் பருவத்தைப் பற்றியும் 1940களிலேயே பேசிய துணிச்சல் அந்த நிகழ்ச்சிக்கு இருந்தது.

மாலை 6.45-க்கு ‘தி ஆர்ச்சர்ஸ்’. உணவுப் பங்கீடு இன்னும் நடப்பில் இருந்த 1951 ஜனவரி 1 அன்று நாடு முழுக்க ஒலிபரப்பாகத் தொடங்கிய நாடகத் தொடர். விளைச்சலைப் பெருக்கும் வழிகளை விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டும், கதையாகவும் இருக்க வேண்டும் என்று காட்ஃப்ரி பேஸ்லி உருவாக்கியது. வேளாண் அமைச்சகத்தின் ஆலோசனையும் இருந்தது. உரத்தையும் மாட்டு நோயையும் பற்றிக் கேட்க வந்தவர்கள் ஆர்ச்சர் குடும்பத்தில் ஒருவராகிவிட்டார்கள். 1955 செப்டம்பர் 22 அன்று, லாயத் தீயில் குதிரையைக் காப்பாற்றப் போன கிரேஸ் ஆர்ச்சர் இறந்துபோனாள். நேயர்களின் தொலைபேசி அழைப்புகளில் பிபிசி திணறியது. வணிகத் தொலைக்காட்சியான ஐடிவி தன் முதல் ஒளிபரப்பைத் தொடங்கிய இரவும் அதுதான். தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பலாம்.

நகைச்சுவைக்கும் குறைவில்லை, விசித்திரத்துக்கும் குறைவில்லை. ‘எஜுகேட்டிங் ஆர்ச்சி’யின் நாயகன் ஒரு மரப்பொம்மை, அதைப் பேசவைத்தவர் பீட்டர் பிரவ். உதடு அசையாமல் பேசும் வித்தையைப் பார்க்கவே முடியாத வானொலியில் அது ஆண்டுக்கணக்கில் சக்கைப்போடு போட்டது. எழுத்தாளர்களின் கையில் ‘பச்சைப் புத்தகம்’ என்ற விதித்தொகுப்பு இருந்தது. கழிப்பறை, தேனிலவுத் தம்பதி, பெண்களின் உள்ளாடை, முயல்களின் பழக்கவழக்கம் இவற்றைப் பற்றியெல்லாம் சிரிப்பு மூட்டக் கூடாது என்றது அது.

இந்த வேலிக்குள்ளிருந்துதான் ‘தி கூன் ஷோ’ முளைத்தது. அதை எழுதியவர் நம் அகமதுநகரில் பிறந்த ஸ்பைக் மில்லிகன். பிபிசி தொலைக்காட்சி 1954 டிசம்பரில் ஆர்வெல்லின் ‘1984’ஐ நாடகமாக்கியது. அடுத்த மாதமே மில்லிகன் குழுவினர் ‘1985’ என்று பகடி செய்தார்கள். அதில் மக்களை ஆட்டிப்படைக்கும் பிக் பிரதர் யாரென்றால், சாட்சாத் பிபிசிதான். இந்தப் பகடி வந்ததும் கேளிக்கைக்கென ஒதுக்கிய லைட் நிலையத்தில் அல்ல. செய்தியும் சிம்பொனியும் வந்த அதே ஹோம் சர்வீஸில்.

தேர்டு புரோகிராம் மாலையில்தான் விழிக்கும். 1946 செப்டம்பர் 29 அன்று தொடங்கியபோது அதன் முதல் நிகழ்ச்சியே, வானொலியை எப்படிக் கேட்பது என்று சொல்லித்தரும் நையாண்டி. டிலன் தாமஸின் ‘அண்டர் மில்க் வுட்’ இங்கேதான் 1954 ஜனவரி 25 அன்று ரிச்சர்ட் பர்ட்டன் குரலில் ஒலித்தது. தாமஸ் அந்தக் கையெழுத்துப் பிரதியை லண்டன் மதுக்கடை ஒன்றில் தொலைத்திருந்தார். தயாரிப்பாளர் டக்ளஸ் கிளெவர்டன் அலைந்து கண்டுபிடித்தபோது தாமஸ் அமெரிக்கா போயிருந்தார். 1953 நவம்பரில் நியூயார்க்கிலேயே இறந்தும்போனார். ‘அண்டர் மில்க் வுட்’ ஒலித்து மூன்றாண்டு கழித்து இதே நிலையம் சாமுவேல் பெக்கெட்டின் முதல் வானொலி நாடகமான ‘ஆல் தட் ஃபால்’ஐத் தந்தது.

ஆனாலும் ஹேலி எதிர்பார்த்த ஏற்றம் நடக்கவில்லை. தேர்டு நிலையத்தின் நேயர் கூட்டம் கடைசிவரை சிறுகூட்டம்தான். 1957-இல் அதன் நேரத்தை வெட்டியபோது டி. எஸ். எலியட் போன்றவர்கள் கண்டனம் தெரிவித்தும் பயனில்லை. பிரமிடு தோற்றது, கதம்பம் வென்றது. ஒரே நிலையத்தைத் திருப்பாமல் கேட்டவர் காதில் கேலி, கச்சேரி, உலகச் செய்தி எல்லாம் விழுந்தன. ரசனையை வளர்த்தது அதுதானே தவிர ஹேலியின் படிக்கட்டு அல்ல.

1967 செப்டம்பர் 30 அன்று நிலையங்களின் பெயர்கள் மாறின. லைட் ரேடியோ 2 ஆனது, தேர்டு ரேடியோ 3 ஆனது, ஹோம் ரேடியோ 4 ஆனது. பாப் இசைக்கென்று ரேடியோ 1 புதிதாக வந்தது. நிலையத்துக்கு ஒரு ரகம் என்ற கொள்கை அடுத்த சில ஆண்டுகளில் உறுதிப்பட்டது. ‘வுமன்ஸ் அவர்’, ‘தி ஆர்ச்சர்ஸ்’ இரண்டும் இன்றைக்கும் ரேடியோ 4-இல் வருகின்றன.