கீற்றின் கோடும் கியூபிசமும்

மேனாட்டு ஓவிய இயக்கங்களை இனங்காண நாம் பயிலும் முறை எளியது. ஒளியின் கணநேர மாற்றத்தைப் பற்றினால் இம்பிரஷனிசம். உணர்ச்சி உருவைத் திரித்தால் எக்ஸ்பிரஷனிசம். ஒரு பொருளைப் பல கோணங்களினின்று ஒருங்கே காட்டினால் கியூபிசம். இந்த அளவுகோல் கொழும்பில் எவ்வளவு தூரம் செல்லும்?

1943இல் இங்கு தோன்றிய '43 குழுவைச் சேர்ந்த ஜோர்ஜ் கீற் (1901–1993) கியூபிசத்துடன் இணைத்தே பேசப்படுகிறார். பக்கமுகமும் முன்முகமும் ஒன்றிய அவருடைய பெண்ணுருவங்கள் அதற்குச் சான்றாகின்றன. அடையாளம் பொய்யன்று, முழுமையுமன்று. 1910ஐ அண்டிய ஆண்டுகளில் பிக்காசோவும் பிராக்கும் உருவின் எல்லைக்கோட்டை உடைத்தனர். பொருளும் வெளியும் கலந்தன. நிறம் கபிலத்துக்கும் சாம்பலுக்கும் ஒடுங்கிற்று. கீற்றோ கோட்டைக் கைவிடவில்லை. வளைந்தோடும் அக்கோடு உருவை இறுகத் தழுவுகிறது. வண்ணம் வெம்மையுடன் பொலிகிறது.

அக்கோடு எங்கிருந்து வந்தது? கொள்ளுப்பிட்டியிலிருந்து பஸ்ஸேறிப் பொறளைக் கோதமி விகாரைக்குச் செல்வோர் விடை காணலாம். 1939–40இல் அவர் அங்குத் தீட்டிய புத்தர் வரலாற்றுச் சுவரோவியங்களில் அஜந்தா, சிகிரியா மரபின் கோடே ஆட்சி செய்கிறது. உருவைத் திரிக்கும் துணிவை அவர் பிக்காசோவிடம் பெற்றிருக்கலாம். வரையும் கை இம்மண்ணினது.

பெயர் சூட்டியதும் நாம் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம். எம் கலைஞர் பிறர் நிழலாகிவிடுகின்றனர். இயக்கங்களின் இலக்கணத்தைக் கற்பது அவசியமே. அவ்விலக்கணம் ஓர் ஓவியத்துக்குப் பொருந்தாதவிடத்தையும் கண்டு சொல்லும்போதுதான் விமர்சனம் தொடங்குகிறது.